ஒரே இலக்கத்தில் நான்கு அடுப்பு

மூன்று வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று எழுதிக் கேட்டவர்களுக்கு நன்றி. காய்ச்சலா என்று விசாரித்தவர்களுக்கு – இல்லை. ‘இனியாவது கணினிக் கதையை விட்டுவிடுவீர்களா’ என்று ஆசையோடு கேட்ட அக்கரைப்பற்று வாசகருக்கு... மன்னிக்க வேண்டும். இன்றைக்கும் அதே கதைதான்.

நடந்தது இதுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கல்முனையில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது என் கணினி வகுப்பு. பத்துப் பேர் இருந்தார்கள். பைத்தன் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தெரியாதவர்களுக்கு: பைத்தன் என்பது கணினிக்கு வேலை சொல்லும் ஒரு மொழி. எழுதச் சுலபம், வாசிக்கச் சுலபம். அது எனக்குக் கைவந்ததில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

படியில் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பெண் ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் நாலாக மடித்த தாள். வாசலில் செருப்பைக் கழற்றினார், ஸலாம் சொன்னார், எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு நேராக என்னிடம் கேட்டார்.

“நீங்கதானா புள்ள எங்கள வெட்டின?”

நான் யாரை வெட்டினேன்?

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சுனாமி அலை வந்து நாலரை வருடம். கடலோரத்தில் வீடு போனவர்கள் அதே இடத்தில் திரும்பக் கட்டக்கூடாது என்று தடை. பதிலாக உள்ளே, வயல் பக்கம் மண் நிரப்பி வீடு தருகிறோம் என்றார்கள். சொன்னதோடு சரி... சனம் தகரக் கொட்டில்களில் இருந்தது. இந்த வருடம் யுத்தம் முடிந்தது. சோதனைச் சாவடிகள் குறைந்தன, கொழும்பிலிருந்து வாகனங்கள் வரத் தொடங்கின, தூங்கிக் கிடந்த கோப்புகள் எழும்பி உட்கார்ந்தன. எல்லோருக்கும் திடீரென்று அவசரம்.

அப்படி எழும்பிய ஒரு வீட்டுத் திட்டம். பெயர் வேண்டாம். அதன் இணைப்பாளர் தவராசா, பெரியநீலாவணைக்காரர், நல்ல மனிதர். ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே மூன்று பட்டியல்கள். முகாம்களில் எடுத்தது ஒன்று. கிராம சேவகர்கள் தந்தது ஒன்று. பள்ளிவாசல்களும் கோயில்களும் தந்ததைச் சேர்த்தது ஒன்று. ஒரே குடும்பம் மூன்றிலும் இருக்கும். இன்னொரு குடும்பம் ஒன்றில் மட்டும் இருக்கும். இரட்டிப்பை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்க வேண்டும். கையால் செய்தால் ஒரு மாதம் போகும், உங்கட பைத்தன் எத்தனை நாளில் செய்யும் மிஸ் என்று கேட்டார்.

ஒரு பின்னேரம் போதும் என்றேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

செய்தது எப்படி? பைத்தனில் டிக்‌ஷனரி என்று ஒன்று உண்டு. தட்டுத் தட்டாக உள்ள அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பெயர். அதைக் கீ என்போம். ஒவ்வொரு குடும்பத்தையும் அதன் தட்டில் போட்டுக்கொண்டே போனால், அதே குடும்பம் இரண்டாம் தரம் வரும்போது அதே தட்டில்தான் விழும். கடைசியில் எத்தனை தட்டோ அத்தனை குடும்பம். இரட்டிப்பை நீக்க இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு கேள்விதான். தட்டுக்கு என்ன பெயர் வைப்பது?

ஆளின் பெயரை நம்ப முடியாது. மூன்று பட்டியலையும் மூன்று பேர் மூன்று விதமான எழுத்தில் எழுதியிருந்தார்கள். அடையாள அட்டை இலக்கம்? பாதிப் பேரின் அட்டை கடலோடு போனது, பட்டியலில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. பழைய முகவரி மட்டும் எல்லோருக்கும் ஒழுங்காக இருந்தது. வீட்டிலக்கம், வீதி. நான் படித்த புத்தகங்களிலும் வீட்டு விஷயம் என்றால் முகவரியைத்தான் பிடிப்பார்கள். பிடித்தேன். நாற்பது வரி கோட், மூன்று விநாடி வேலை.

பட்டியல் நன்றாக மெலிந்து வெளியே வந்தது. தவராசாவுக்குச் சந்தோஷம். கொழும்பு அதிகாரிக்கு அதைவிடச் சந்தோஷம் – இவ்வளவு இரட்டைப் பதிவா, நல்ல வேளை பிடித்தீர்கள் என்று போனில் பாராட்டு. மெலிந்த பட்டியலை யாரும் சந்தேகப்படுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? கூடினால்தான் கேள்வி வரும்.

திங்கட்கிழமை அதை அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். ஆட்சேபனை இருந்தால் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அடியில் ஒரு வரி. அதற்குப் பிறகு பட்டியல் கொழும்புக்குப் போய்விடும், யாராலும் மாற்ற முடியாது.

செவ்வாய்க்கிழமை, பட்டியலைச் செய்தது யார் என்று விசாரித்துக்கொண்டு இந்தப் பெண் என் படியேறி வந்தார்.

பெயர் பரீதா. கணவர் அலையோடு போனவர். மகள் நஸ்ரின், மருமகன், இரண்டு பேரப்பிள்ளைகள், அவர் – ஐந்து பேரும் நாலரை வருடமாக ஒரே தகரக் கொட்டிலில். மூன்று பட்டியலிலும் மகள் குடும்பமும் பதிந்திருக்கிறது, அவரும் தனியாகப் பதிந்திருக்கிறார். அலைக்கு முன் இருந்தது இரண்டு வீடு. ஒட்டிய பட்டியலில் அவர் பெயர் மட்டும் இருந்தது, நஸ்ரின் குடும்பம் இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன்... வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பத்து மாணவர்களுக்கு முன்னால் வந்து கேட்கிறாரே என்று. ஒரு முகவரிக்கு ஒரு குடும்பம்தான், உங்கள் பெயர்தான் இருக்கிறதே ராத்தா, வீடு கிடைக்கும்தானே என்று கொஞ்சம் விறைப்பாகவே சொன்னேன்.

“ஒரு ஊடு தந்தா அது மகள்டதானே புள்ள. பொறவு நான் எங்க போற?”

அதுவும் எனக்கு உறைக்கவில்லை. முகவரி ஒன்று, வீடு ஒன்று என்றேன் மறுபடியும்.

“ஆரு சொன்ன?”

கொம்பியூட்டர் என்றேன்.

“கொம்பியூட்டருக்கு ஆரு சொன்ன?”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அவர் விடவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, உங்கட ஊடு எங்க என்று கேட்டார். மருதமுனை என்றேன். இலக்கம் கேட்டார். சொன்னேன். அந்த வளவுக்குள் ஆரெல்லாம் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

நானும் சொல்லத் தொடங்கினேன். முன் வீட்டில் ராத்தா – என் அக்கா – பக்கத்து வீட்டில் நான், கிணற்றுப் பக்கம் தங்கச்சி, பின்னால் சின்ன வீட்டில் உம்மா... பாதியில் நிறுத்திவிட்டேன்.

தூரத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வளவு என்றால் ஒரு வேலிக்குள் இருக்கும் வீட்டு நிலம். எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உம்மா தன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் ஒதுங்கி இன்னொன்று கட்டிக்கொள்வார். அடுத்த மகளுக்கு இன்னொன்று. வளவு ஒன்று, இலக்கம் ஒன்று. அடுப்பு மட்டும் கூடிக்கொண்டே போகும். முஸ்லிம் ஊரிலும் அப்படித்தான், தமிழ் ஊரிலும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருக்கிறேன். கோட் எழுத உட்கார்ந்த பின்னேரம் மட்டும் வேறு எந்த ஊரிலோ இருந்திருக்கிறேன்.

வகுப்பை நிறுத்திவிட்டு, என் வளவின் நாலு குடும்பத்தையும் அந்த நாற்பது வரிக்குள் போட்டு ஓடவிட்டேன். ஒரே ஒரு குடும்பம் வெளியே வந்தது. தங்கச்சி மட்டும். உம்மா இல்லை, ராத்தா இல்லை, எழுதிய நானும் இல்லை.

ஏன் தங்கச்சி? அவளைத்தான் கடைசியாகப் போட்டேன். டிக்‌ஷனரியில் ஏற்கனவே ஆள் இருக்கிற தட்டில் இன்னொன்றைப் போட்டால், இருந்தது விழுந்துவிடும். பைத்தன் ஒரு வார்த்தை சொல்லாது. பிழை என்று காட்டாது, சிவப்பு எழுத்து வராது. தட்டில் கடைசியாக வந்தவர் இருப்பார், முன்னால் வந்தவர்கள் இருந்த தடயமே இருக்காது. இதை நான் வருடா வருடம் படிப்பிக்கிறேன். பரீட்சையில் கேள்வியும் போடுகிறேன்.

பரீதா ராத்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்றுதான் கேட்டார்.

அன்று செவ்வாய். இருந்தது மூன்றே நாள்.

ஒரு புத்திசாலித்தனம் மட்டும் என்னைக் காப்பாற்றியது. தவராசா தந்த மூன்று கோப்புகளையும் நான் தொடவில்லை. வேறொரு ஃபோல்டரில் பிரதி எடுத்து, பிரதியில்தான் வேலை செய்தேன். நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மூலக் கோப்பின் மேலேயே எழுதியிருந்தால் நஸ்ரின் என்றொரு குடும்பம் இருந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.

தவராசாவைக் கூப்பிட்டேன். வந்து கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். அவர் இருப்பதும் மனைவியின் வளவில், மச்சாள் குடும்பத்தோடு ஒரே இலக்கத்தில். அவருக்கும் தட்டுப்படவில்லை. “நம்மள மாதிரி ரெண்டு பேரு சேர்ந்தா ஊரையே அழிச்சிடலாம் மிஸ்” என்றார். அதைக் கேட்டு முதலில் சிரித்தது பரீதா ராத்தாதான்.

இப்போது என்ன செய்வது?

முதல் மாற்றம்: தட்டில் ஒரு குடும்பத்தை வைக்காமல் ஒரு லிஸ்டை வைத்தேன். அதே முகவரி மறுபடி வந்தால் பழையது விழாது, பக்கத்தில் போய் உட்காரும். பைத்தனில் இதற்கு டிஃபோல்ட்-டிக்ட் என்று தயாராகவே ஒரு சாமான் இருக்கிறது. மாற்றியது இரண்டே வரி. இரண்டாவது, கணினி எதையும் வெட்டக்கூடாது என்று முடிவெடுத்தேன். சந்தேகமானதைக் காட்டட்டும், வெட்டுவதை மனிதர் செய்யட்டும். ஒரு வளவில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் வந்த இடங்களை மட்டும் அச்சடித்தேன். எழுபதுக்கு மேல் வளவுகள்... ஒவ்வொன்றிலும் இருப்பது இரண்டு குடும்பமா, இல்லை இரண்டு தரம் எழுதப்பட்ட ஒரே குடும்பமா?

இதற்குக் கோட் கிடையாது. பரீதா ராத்தா இருந்தார்.

புதன்கிழமை முழுவதும் அவர் என் பக்கத்துக் கதிரையில். நான் வளவை வாசிப்பேன், அவர் சொல்வார். இது உம்மாவும் மகளும், இரண்டு அடுப்பு. இது ராத்தாவும் தங்கச்சியும். இது ஒரே ஆள், முகாமில் புருஷன் பெயரில் எழுதினார்கள், பள்ளிவாசலில் இவள் பெயரில் எழுதினார்கள். கண்ணை மூடி வளவை நினைத்து, எந்த வாசலில் யார் நிற்பார் என்று யோசித்துச் சொன்னார். அவருக்குத் தெரியாத தெரு வந்தால் போன் எடுத்து அந்தத் தெருவில் இருந்த ஒருத்தியைக் கேட்டார். தமிழ் ஊர்களைத் தவராசா பார்த்தார். பார்த்தார் என்றா சொன்னேன்? ஒவ்வொரு வளவுக்கும் மனைவிக்குப் போன் எடுத்தார், மனைவி சொன்னதை எழுதினார்.

ஓரிடத்தில் பரீதா ராத்தா அதே வளவை மறுபடி வாசிக்கச் சொன்னார். என்ன என்று கேட்டேன்.

“இது என்ட மச்சி. ரெண்டு தரம் பதிஞ்சிரிக்கா. ஒண்ட வெட்டுங்க.”

வெட்டினேன். அந்த நேரத்தில் இந்தப் பெண்மேல் எனக்கு வந்த மரியாதையை எழுதத் தெரியவில்லை. தன் வீட்டுக்காக வந்தவர், தன் சொந்தக்காரியின் இரண்டாவது பதிவைத் தானே காட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த வளவுக்குப் போனார்.

அங்கேதான் சரியான கீ எது என்றும் கண்டுபிடித்தேன். எங்கள் கரையில் அடுப்பைப் பிரிப்பது பெண். ஆகவே முகவரியும், இப்போது ஒரே எழுத்தில் திருத்திக்கொண்ட குடும்பத் தலைவியின் பெயரும் சேர்ந்ததுதான் தட்டின் பெயர். புருஷன் பெயரை எப்படி எழுதியிருந்தாலும் பரவாயில்லை. எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித் தராது, ஏனென்றால் எந்தப் புத்தகத்தையும் மருதமுனையில் எழுதவில்லை.

எழும்பிப் போகும்போது பரீதா ராத்தா இன்னொரு கேள்வி கேட்டார். புது இடத்தில் யாருக்கு எந்த வீடு என்று எப்படிப் பிரிப்பார்கள்? தவராசா சொன்னார்: பட்டியலில் என்ன வரிசையோ அதே வரிசையில் காணி. பட்டியல் என்ன வரிசையில் இருக்கிறது? பெயர் வரிசையில். நான்தான் வைத்தேன், பார்க்க அழகாக இருக்கிறது என்று. அப்படியென்றால் நஸ்ரின் ஒரு மூலை, உம்மா இன்னொரு மூலை. எல்லா உம்மாவுக்கும் எல்லா மகளுக்கும் அதே கதிதான்.

ஒரே ஒரு வரியை மாற்றினேன். பெயர்ப்படி அடுக்காதே, பழைய வீதிப்படி அடுக்கு, அதற்குள் பழைய இலக்கப்படி அடுக்கு. பைத்தன் அரை விநாடியில் அடுக்கியது. திரையில் பழைய கடற்கரைத் தெருக்கள் ஒவ்வொன்றாக, வளவு வளவாக, பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரராக எழும்பி நின்றன. நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தவராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, பட்டியலை எடுத்துப்போக வந்திருந்த கொழும்பு அதிகாரிக்கு முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். என் சிங்களம் அரைகுறை, தவராசா மொழிபெயர்த்தார். அதிகாரி கெட்டவர் இல்லை. ஆனால் மெலிந்த பட்டியலுக்குப் பாராட்டியவர், இப்போது பருத்த பட்டியலைப் பார்க்கிறார். இது முழுக்க இரட்டைப் பதிவு இல்லை என்று நான் எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

இரண்டு விஷயம் காட்டினேன். ஒன்று, வெட்டியவற்றின் பட்டியல். வெட்டிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஏன் வெட்டினோம் என்ற காரணம். எதை எறிகிறோம் என்று எழுதிவைக்காத புரோகிராமை நம்பாதீர்கள், அதை நானே எழுதியிருந்தாலும். இரண்டாவது, லெப்டொப்பைத் திறந்து என் சொந்த வளவைப் பழைய கோட்டில் ஓட்டினேன். ஒரு குடும்பம். புதிய கோட்டில் ஓட்டினேன். நாலு குடும்பம். விடை தெரிந்த ஒரு கேள்வியைப் புரோகிராமிடம் கேட்டுப் பார்ப்பதைத்தான் டெஸ்ட் என்கிறோம். இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பழைய விடையைக் காட்டி, இதில் நான் இல்லை சேர் என்றேன். என் உம்மாவும் இல்லை.

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் சுற்றறிக்கையைத் தேடி எடுத்து வாசித்தார். ‘குடும்பத்துக்கு ஒரு வீடு’ என்றுதான் அதில் இருந்தது, முகவரி என்ற சொல்லே இல்லை. பிறகு பட்டியலில் கண்ட இடத்தில் விரலை வைத்து, இது யார், இது யார் என்று கேட்டார். கேட்ட ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் பதில் இருந்தது. பதினொன்றரைக்குக் கையொப்பம் போட்டார். அல்ஹம்துலில்லாஹ்... ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது நாங்கள் வீதியில் நின்றோம், தவராசா எனக்கும் பரீதா ராத்தாவுக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

வென்றோம். இந்தச் சொல்லை இந்தப் பக்கத்தில் நான் அதிகம் எழுதியதில்லை, அதனால் இன்னொரு தரம் எழுதுகிறேன். வென்றோம்.

போன வாரம் காணி பிரித்தார்கள். நானும் போனேன். நிரப்பிய மண், வெயில், வரிசையாக மரக்குற்றிகள், ஒவ்வொரு குற்றியிலும் இலக்கம். எங்கள் பட்டியலின் வரிசை நிலத்தில் நின்றது. பழைய தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, நீ இங்கேயா, நானும் இங்கேதான் என்று பேசிக்கொண்டு நடந்தார்கள். முப்பத்தொன்று பரீதா. முப்பத்திரண்டு நஸ்ரின். இரண்டு பேர் அந்த இரண்டுக்கும் நடுவில் கயிறு பிடித்து, எல்லை வேலிக்குக் கட்டை நடக் குழி தோண்டத் தொடங்கினார்கள்.

பரீதா ராத்தா போய்க் கயிற்றின் மேல் காலை வைத்து நின்றார். இரண்டு இலக்கம் என்றால் நடுவில் வேலி வர வேண்டும் என்றார்கள் அவர்கள்.

“இலக்கம் ரெண்டு இரிக்கட்டும் மகன். வேலி வேணா.”

அடுப்பு இரண்டு, வளவு ஒன்று. இதைச் சொல்ல எனக்கு நாற்பது வரி தேவைப்பட்டது, அதையும் பிழையாக எழுதினேன்.